மூன்று தரம் திரும்பி வந்த சைக்கிள்

2022 யூலையில் இலங்கையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்குக் கிடைத்த பெற்றோல் 4 லீற்றர். ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அதையும் கியூஆர் குறியீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அந்த வருட ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், யூன் முடிவில் 470 ரூபா. பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசை நின்றது. இன்னொரு வரிசை சைக்கிள் திருத்தும் கடைகளுக்கு முன்னால் நின்றது. கோடிக்குள் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் ரயர், ரியூப் மாற்றி றோட்டுக்கு வந்தன. யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரியாக்கள் அதைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "இது எங்களுக்குப் புதுசில்லை."

உண்மைதான், புதுசில்லை. 1990க்குப் பிறகு ஒரு தரம், 2006க்குப் பிறகு ஒரு தரம், 2022இல் ஒரு தரம் என்று, ஒரே தலைமுறையின் நினைவுக்குள் மூன்று தரம் சைக்கிள் எங்கள் தெருக்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மூன்று தரமும் எண்ணெய் வந்த கையோடு அதைத் திரும்பக் கோடிக்குள் தள்ளிவிட்டோம்.

காலநிலை மாற்றம், புகை, செலவு என்று வாகனப் பாவனையைக் குறைக்கச் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே பட்டியல் போடப்போவதில்லை. நாங்கள் கேட்க விரும்புவது வேறு ஒரு கேள்வி. குறைவான எண்ணெயில் வாழ்வது எப்படி என்று உலகத்தில் பலருக்குக் கற்பிக்கக்கூடிய அளவுக்கு அனுபவம் உள்ள ஒரு சமூகம், அந்த அனுபவத்திலிருந்து ஏன் எதையுமே மிச்சம் வைக்கவில்லை?

வண்டிலும் கோச்சியும்

யாழ்ப்பாணம் தட்டையான நிலம். ஏறி இறங்க மலை இல்லை. பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குள், பருத்தித்துறை சுமார் 33 கிலோமீற்றர். சந்தை, கோயில், பள்ளிக்கூடம், வயல் எல்லாம் பெரும்பாலும் நடை தூரம் அல்லது வண்டில் தூரம். மாட்டு வண்டிலில் சாமான் போகும், திருக்கலில் ஆட்கள் போவார்கள். எங்கள் ஒழுங்கைகளின் அகலத்தைத் தீர்மானித்ததே அந்த வண்டில்கள்தான்.

1902இல் குடாநாட்டுக்குள் கோச்சி ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை கொழும்பு வரை இணைந்தது. அரசாங்க உத்தியோகத்துக்குத் தெற்கே போன யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை இந்தப் பாதையில்தான் நடந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்த பிறகு, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தூரம் ஒரு பகல் பொழுதாகச் சுருங்கியது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. இலாபம் வராத கிராமத்துப் பாதைக்கும் பஸ் விட வேண்டும் என்பது அப்போது ஒரு கொள்கையாக இருந்தது. பஸ் போகாத நேரத்துக்கும் இடத்துக்கும் தட்டிவான் இருந்தது. பழைய லொறியின் மேல் பலகையால் உடம்பு கட்டி, பின்பக்கத்துத் தட்டியில் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அது ஓடியதை வடமராட்சி, தென்மராட்சி ஆட்களைக் கேட்டால் சொல்லுவினம்.

இதை ஒரு பொற்காலம் என்று நாங்கள் சொல்லவில்லை. பஸ்கள் நெரிந்தன, பிந்தின. ஆனால் சொந்தமாக ஒரு மோட்டார் வாகனம் இல்லாமலேயே ஒரு ஆள் படிக்கவும், உழைக்கவும், கலியாண வீட்டுக்குப் போகவும் முடிந்தது.

யாருடைய சைக்கிள்?

பிரித்தானியர் காலத்தில் சைக்கிள் வந்தபோது அது ஏழையின் வாகனமாக வரவில்லை. ரலி, ஹம்பர், ரட்ஜ் என்று இங்கிலாந்தில் செய்த சைக்கிள்கள் விலை கூடியவை. ஆசிரியர், கிளாக்கர், தபால் உத்தியோகத்தர் என்று மாதச் சம்பளக்காரர்களிடம்தான் அவை முதலில் போய்ச் சேர்ந்தன. வண்டிலுக்குப் போலவே சைக்கிளுக்கும் உள்ளூராட்சிச் சபைகள் வருடாந்த வரி அறவிட்டன.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சாதி அமைப்பு பற்றிய ஆய்வுகள், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விதிக்கப்பட்டிருந்த தடைகளைப் பதிவு செய்திருக்கின்றன. கோயிலுக்குள் போகக்கூடாது, பொதுக் கிணற்றில் அள்ளக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்ற அந்தப் பட்டியலிலேயே, பஸ்ஸில் ஆசனத்தில் இருக்கக்கூடாது, சைக்கிளோ காரோ சொந்தமாக வைத்திருக்கக்கூடாது என்பதும் உண்டு.

இன்றைக்கு "சைக்கிளில போறது மரியாதை இல்லை" என்று சொல்லும் ஒரு சமூகம், அன்றைக்கு "சைக்கிளில போக உனக்கு மரியாதை இல்லை" என்று ஒரு பகுதி மக்களைத் தடுத்து வைத்திருந்தது. சைக்கிள் அதே இரும்புதான். அதில் ஏறுபவரின் மதிப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு காலத்திலும் நாங்கள்தான் முடிவு செய்திருக்கிறோம். போக்குவரத்தைப் பற்றிய பேச்சு எரிபொருளைப் பற்றியது மட்டுமில்லை என்பதற்கு எங்கள் வரலாற்றிலேயே இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

தடைக்காலம்

1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. யூன் 13ஆம் திகதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரெயின் வரவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் காலப்போக்கில் பங்கர்களுக்குப் போயின. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி என்று ஒரு நீண்ட பட்டியல் குடாநாட்டுக்குள் வருவது நிறுத்தப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் வந்தது, அதுவும் நெருப்பு விலை.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். வெள்ளைப் புகையும் நாற்றமும் தெரு முழுக்க நிற்கும். அதற்கும் வசதி வேண்டும். மற்ற எல்லோருக்கும் சைக்கிள்.

எல்லோருக்கும் என்றால் உண்மையிலேயே எல்லோருக்கும். டொக்டர் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாண்காரர் பெட்டி கட்டிக்கொண்டு போனார். மீன்காரர், விறகுக்காரர், வாழைக்குலை வியாபாரி, பேப்பர் போடும் பெடியன் எல்லோரும் சைக்கிளில்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராஜா வளாகத்துக்குச் சைக்கிளில் வந்து போனதை அக்கால மாணவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். கரியரில் பலகை பூட்டி அகலமாக்கினார்கள். பாரில் குழந்தைக்கு ஒரு சின்ன சீற் வைத்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். பற்றரி இல்லாத ஊரில் பீபீசி தமிழோசை கேட்டது இப்படித்தான்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் நடந்த மாற்றம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அதற்கு முன்னும் பெண்கள் சைக்கிள் ஓடினார்கள்தான். ஆனால் தடைக்காலத்தில் அது ஊருக்கு ஊர் வழமையானது. பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் வெள்ளைச் சட்டையோடு கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகும் பெட்டையள் யாழ்ப்பாணத்தின் அடையாளமாகவே ஆகிப்போனார்கள். யாராவது கொண்டுபோய் விட வேண்டும் என்று காத்திராமல் ஒரு 14 வயதுப் பிள்ளை தானே வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போய்வர முடிந்தது. போராட்டத்தின் பெயரால் எத்தனையோ விடுதலைகள் பேசப்பட்ட காலத்தில், பேசப்படாமலேயே நடந்த ஒரு சின்ன விடுதலை அது.

ஆனால் இந்தக் காலத்தை அழகாக்கிச் சொல்வது அநியாயம். காயப்பட்டவர்களையும் பிள்ளைப்பேற்று வலியில் இருந்தவர்களையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஆனையிறவுப் பாதை மூடிய பிறகு, கொம்படி-ஊரியான் சேற்றுக்குள்ளால் சைக்கிளை உருட்டியும் தூக்கியும் போனார்கள். பிறகு கிளாலிக் கடலில் இரவில் வள்ளம் ஏறினார்கள். அந்தக் கடலில் சுடப்பட்டுச் செத்தவர்கள் பலர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, ஒரு வீட்டின் மிச்சம் முழுவதும் ஒரு சைக்கிளின் கரியரிலும் ஹான்டிலிலும் தொங்கியது. திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள்.

எங்கள் பெற்றோருக்குச் சைக்கிள் என்றால் இதுதான். அதில் சுதந்திரமும் இருந்தது, அவமானமும் இருந்தது. பாதை திறந்ததும் எது முதலில் ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பாதை திறந்த பிறகு

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பெற்றோலும் வந்தது, மோட்டார் சைக்கிள்களும் வந்தன. 2006 ஓகஸ்ட் 11இல் பாதை திரும்ப மூடியது. எரிபொருள் திரும்பப் பங்கீட்டுக்கு வந்தது, சைக்கிள்களும் திரும்பி வந்தன. 2009இல் யுத்தம் முடிந்து பாதை நிரந்தரமாகத் திறந்த பிறகு, இரண்டாம் தரமும் அவை கோடிக்குள் போயின.

யுத்தத்துக்குப் பிறகு லீசிங் கம்பனிகள் பட்டணத்துத் தெருக்களில் வரிசையாகத் திறந்தன. கொஞ்சக் காசைக் கட்டினால் அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகலாம், மிச்சம் மாதம் மாதம். நிலையான வருமானம் இல்லாத வீடுகளும் இதில் விழுந்தன. இன்றைக்கு நாடு முழுவதும் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்.

றோட்டுகளும் மாறின. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகளுக்குக் காப்பெற் போட்டார்கள். அது தேவையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அகலித்த வீதிகள் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கென்று ஒரு ஓரம் ஒதுக்கப்படவில்லை. நிழல் தந்த மரங்கள் பல இடங்களில் தறிக்கப்பட்டன. மத்தியான வெயிலில், மரமில்லாத காப்பெற் றோட்டில், பின்னால் 80 கிலோமீற்றர் வேகத்தில் வான் வரும்போது, "பிள்ளையளே சைக்கிளில போங்கோ" என்று சொல்ல எந்த அம்மாவுக்கு மனம் வரும்? இலங்கையில் ஒவ்வொரு வருடமும் 2,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் சாகிறார்கள். அதில் பெரும் பகுதி நடந்து போனவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்களும்தான். சாவு வீடுகளில் "விதி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி, 24 வருடங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரெயின் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆனால் ஸ்டேசனிலிருந்து வீட்டுக்குப் போக நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டுமே, அதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2022 வந்தது. எரிபொருள் முழுவதையும் டொலர் கொடுத்து வாங்கும் நாடு, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மூன்றாம் தரம் சைக்கிள் வந்தது. இந்த முறை கொழும்பிலும் வந்தது. 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திரும்பத் தொடங்கியது. சைக்கிள் திருத்தும் கடைகளின் வரிசை அதற்கு முன்பே கலைந்துவிட்டது.

ஒல்லாந்தர் என்ன செய்தார்கள்?

எண்ணெய் நெருக்கடி எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. யாழ்ப்பாணக் கோட்டையில் 1658 தொடங்கி 1795 வரை இருந்த ஒல்லாந்தரின் சொந்த நாட்டைப் பார்க்கலாம். நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு, அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று நாங்கள் நினைக்கிறோம். அது உண்மையில்லை. எங்களைப் போலவே தட்டையான நிலம், பழைய சைக்கிள் பழக்கம் எல்லாம் இருந்தும், 1950களிலும் 60களிலும் காசு புழங்கத் தொடங்கியதும் அவர்களும் காருக்கு மாறினார்கள். நகரங்களின் பழைய சதுக்கங்கள் கார் தரிப்பிடங்களாயின. 1971இல் மட்டும் அங்கே வீதி விபத்துகளில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகள்.

தன் மகளை அப்படிப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து, "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்று பொருள்படும் பெயரில் ஒரு இயக்கம் பிறந்தது. பெற்றோர் பிள்ளைகளோடு தெருக்களை மறித்தார்கள், அமைச்சர்களிடம் போனார்கள். அந்த நேரத்தில்தான், 1973இல், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. நவம்பர் 4ஆம் திகதியிலிருந்து சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே அரசாங்கம் தடை செய்தது. வெறும் நெடுஞ்சாலைகளில் சனம் சைக்கிளிலும் காலில் சில்லுப் பூட்டியும் திரிந்தது.

தடை முடிந்ததும் கார்கள் திரும்பி வந்தன. அதுவரை எங்கள் கதைதான். ஆனால் தெருவில் இறங்கிய பெற்றோர் வீட்டுக்குப் போகவில்லை. தொடர்ந்த வருடங்களில் சைக்கிள் பாதைகளுக்கு அரசு காசு ஒதுக்கியது. 1977இல் குரோனிங்கன் என்ற நகரம் தன் மையப் பகுதியை நாலாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து மற்றப் பகுதிக்குச் சைக்கிளில் நேரே போகலாம், காரில் போவதென்றால் வெளிவட்ட வீதிக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். பெரிய கட்டுமானம் எதுவும் இல்லை, பெரும்பாலும் ஒருவழிப் பாதைப் பலகைகளை மாற்றியதுதான். கடைக்காரர்கள் கோபப்பட்டார்கள், நகரசபை பின்வாங்கவில்லை. இன்று அந்த நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பயணங்கள் சைக்கிளில் நடக்கின்றன. வீதி விபத்தில் சாகிறவர்கள் வருடத்துக்குச் சுமார் 700 பேர்.

அவர்களின் காசும் அகலமான வீதியும் குளிரும் வேறு, எங்கள் கடனும் ஒழுங்கையும் வெயிலும் வேறு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் அவர்கள் தட்டுப்பாட்டு நேரத்தில் கிடைத்த அனுபவத்தை வைத்து ஒன்றைக் கட்டினார்கள். நாங்கள் மூன்று தரமும் "எப்ப பெற்றோல் வரும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று தரமும் பெற்றோல் வந்தது.

நாலாம் தரத்துக்கு முன்

நாலாம் தரம் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. டொலர் இல்லாமல் வரலாம், எங்கோ நடக்கும் யுத்தத்தால் வரலாம். அப்போது திரும்ப ஒரு முறை கோடிக்குள்ளிருந்து சைக்கிளை இழுத்தெடுக்கப் போகிறோமா, அல்லது இப்போதே ஏதாவது செய்து வைக்கப் போகிறோமா?

எல்லோரும் மோட்டார் சைக்கிளை விற்றுவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முறிகண்டியிலிருந்து மாங்குளத்துக்கு வேலைக்குப் போகிறவரிடமும், வயதான அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டு போகிறவரிடமும் அப்படிச் சொல்வது அறியாமை. ஆனால் மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கும் கடைக்கும், கோயிலுக்கும், ரியூசனுக்கும், விளையாட்டு மைதானத்துக்கும் எஞ்சின் தேவையில்லை. அந்த ஒரு பழக்கத்தை நாங்கள் எங்களிடமிருந்தே தொடங்கலாம். தூரப் பயணத்துக்குப் பஸ்ஸையும் ரெயினையும் பாவிக்கலாம். 750 பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போகிற ஆள் குறைந்தால், நாளைக்கு அந்த பஸ்ஸும் குறையும். அப்போது அதில் மட்டுமே போகக்கூடியவர்கள் றோட்டில் நிற்பார்கள்.

மிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கலாம், ஆனால் ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைகளிடமும் நகர சபைகளிடமும்தான் இருக்கின்றன. 2025 மேயில் தேர்தல் நடந்து அந்தச் சபைகளில் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எங்களுக்குத் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள். பள்ளிக்கூடம் தொடங்கி விடும் நேரங்களில் அந்தத் தெருவில் வாகன வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். பஸ் ஸ்ராண்டிலும் ரெயில்வே ஸ்டேசனிலும் சைக்கிளைப் பூட்டி வைக்க நிழலோடு ஒரு இடம் கேட்கலாம். அடுத்த வீதி அகலிக்கும்போது ஓரத்தில் வேம்பும் மலைவேம்பும் நடச் சொல்லலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிற்கும் இடத்தில் எழுதி வைக்கச் சொல்லலாம். இவை எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. ஓ.எல். முடிந்ததும் மோட்டார் சைக்கிள் கேட்கும் தம்பியிடமும், "சைக்கிளில போனா ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று சொல்லும் மாமாவிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் சிலருக்குச் சைக்கிள் மறுக்கப்பட்டது. பிறகு ஒரு காலத்தில் எல்லோருக்கும் அது திணிக்கப்பட்டது. தடையும் இல்லாமல் கட்டாயமும் இல்லாமல், நாங்களாக விரும்பிச் சைக்கிளில் ஏறக்கூடிய காலம் எங்கள் வரலாற்றில் இப்போதுதான் வந்திருக்கிறது.